ஒன்று கூட்டிய வயது

பொய் எழுதுவதற்கென்று எனக்குத் தனித் திறமை எதுவும் கிடையாது. கூட்டல் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் வேலை ஆசிரியர்கள் தலையில் விழும். ஆளுக்கு ஐந்து தெரு. வீடு வீடாக ஏறி இறங்கி, ஆறிலிருந்து பதினான்கு வயது வரை யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு என்று பெரிய நோட்டில் எழுத வேண்டும். விதி அப்படி. நடப்பு வேறு. போன வருட நோட்டைப் பக்கத்தில் விரித்துக்கொள்வோம். வயதோடு ஒன்று கூட்டு, வகுப்போடு ஒன்று கூட்டு, கீழே கையெழுத்துப் போடு. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து டீ ஆறுவதற்குள் ஒரு தெருவை முடித்துவிடலாம். நான் மட்டுமா செய்தேன்? எங்கள் கணக்கு சார், இடித்துத் தள்ளிப் பல வருடமான ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளை நோட்டிலேயே ஒழுங்காக வளர்த்துக்கொண்டிருந்தார். மூத்தவன் எட்டாவதில் தேறிவிட்டான் என்று எங்களுக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். அன்று நானும் சிரித்தேன்.

இந்த வருடம் புது மேற்பார்வையாளர் வந்தார். சிவப்புப் பேனாவைத் தவிர வேறு பேனா தொடமாட்டார், அதனால் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர் வைத்தோம். வந்த அன்றே நோட்டில் ஒரு புதுக் கட்டம் போட்டார். பிள்ளையின் கையெழுத்து. கணக்கெடுப்பவர் கண்ணெதிரே பிள்ளையே போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் நோட்டை வாங்கமாட்டாராம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பிள்ளைங்க கையெழுத்து எதுக்கு, பிள்ளைங்களையே நோட்டுல ஒட்டிக் கொண்டாந்துடறோமே" என்று ஆசிரியர் அறையில் கத்தினேன். கத்தி என்ன பயன்? பதினோரு நாள் நடந்தேன். ஐந்து தெருவிலும் நாய்களுக்குக்கூட என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் நோட்டை ஒப்படைக்க வேண்டும். காலையில் எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி.

நாற்பத்தொன்றாம் எண். இஸ்திரிக் கடைக்குப் பின்புறம் மாடிப்படி ஏறினால் ஒற்றை அறை வீடு. இந்தப் பதினோரு நாளில் மூன்று முறை போனேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே பூட்டு தெரியும், திரும்பிவிட்டேன். முழங்கால் வலி. போன வருட நோட்டில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது பத்து, ஊரின் இன்னொரு பள்ளியான பெரிய பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இந்த வருடத்துக்குப் பதினொன்று, ஆறாம் வகுப்பு என்று பென்சிலால் ஏற்கெனவே எழுதியும் வைத்திருந்தேன். பழக்கதோஷம்.

வீட்டில் இல்லாவிட்டால் என்ன, பள்ளியிலேயே பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று காலையில் நேரே பெரிய பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் விரலை ஓட்டினார். இல்லை. போன வருட ஐந்தாம் வகுப்பில் பார்க்கச் சொன்னேன். இல்லை. நாலு, மூணு, ரெண்டு என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர் பதிவேட்டை மூடினார்.

"இந்தப் பேருல ஒரு பொண்ணு இங்க சேரவே இல்ல டீச்சர்."

அந்த வீட்டுக்கு நான் முதன்முதலில் போய் நான்கு வருடம் ஆகிறது. அன்றும் நான் மாடி ஏறவில்லை. கீழே நின்று குரல் கொடுத்தேன். ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் என்றாள். எந்த ஸ்கூல் என்றால் பெரிய ஸ்கூல் என்றாள். வயது ஏழு என்றாள். நான் இரண்டாம் வகுப்பு என்று எழுதிக்கொண்டேன். பிள்ளையைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த மூன்று வருடமும் படிக்கட்டின் அடிக்குக்கூடப் போகவில்லை. கூட்டல் மட்டும்தான் போட்டேன்.

அங்கிருந்து இஸ்திரிக் கடைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்காமலே பேசினார்.

"மாடி வீடா? அந்தம்மா காலைல ஆறு மணிக்குப் பூட்டிட்டு ஆஸ்பத்திரி சலவை வேலைக்குப் போகும். பொழுது சாஞ்சாதான் வரும்."

"அவங்க பொண்ணு?"

"பொண்ணா? நான் கடை போட்டு மூணு மாசம் ஆகுது. அந்த வீட்டுல பிள்ளை எதையும் நான் பார்த்ததே இல்லையே."

ஏதாவது ஆகியிருந்தால்? மூன்று வருடத்துக்கு முன்பே அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்திருந்தால்? செத்த பிள்ளைக்கா நான் வருடா வருடம் வயது கூட்டி, வகுப்பு ஏற்றி, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என் நோட்டில் ஒரு பெண்ணையே அப்படிக் காய்க்க விட்டிருக்கிறேன். முழங்காலாவது வலியாவது, கைப்பிடியைப் பற்றி ஏறினேன். பதினான்கு படி. நான்கு வருடமாக நான் ஏறாத பதினான்கு படி.

பூட்டு தொங்கியது. கதவைத் தட்டினேன். சத்தமே இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. "ஷ்" என்று யாரோ யாரையோ அடக்கினார்கள். பிறகு கதவுக்குப் பக்கத்து ஜன்னல் ஒரு சாண் திறந்தது. இரண்டு கண்கள். அவை என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தன.

"நான் பெரிய ஸ்கூல்ல ஆறாவது படிக்கிறேன். இன்னைக்குக் காய்ச்சல், அதனால லீவு."

நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்ற ஒன்றுதான் எனக்குள் போனது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"போன வருஷம் என்ன படிச்சே?"

"அஞ்சாவது."

"அதுக்கு முந்தி?"

"நாலாவது."

"சரி. ஆறாவதுல உனக்கு யாரு டீச்சர்?"

அவள் யோசித்தாள். உதட்டைக் கடித்தாள். "அதை அம்மா சொல்லிக்கொடுக்கல" என்றாள்.

அவள் இடுப்புக்குக் கீழிருந்து இன்னொரு சின்னக் கை எழும்பி ஜன்னல் கம்பியைப் பிடித்தது. தங்கச்சியாம். மூன்று வயதாம். அம்மா வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்வது இவள்தானாம். தண்ணீர் இருக்கிறது, சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, அடுப்பைத் தொடமாட்டோம் என்று நான் கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றாக ஒப்பித்தாள்.

"ஆறாவதுன்னு சொல்ல யாரு சொன்னது?"

"அம்மா. லிஸ்ட் டீச்சர் வர்ற நேரம் வந்தா, ஒன்னு கூட்டிச் சொல்லணும்னு சொல்லித் தருவாங்க. நான் ஒவ்வொரு வருஷமும் மனப்பாடம் பண்ணி ரெடியா இருப்பேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் வரவே இல்ல."

எனக்கு அந்த ஜன்னல் முன்னால் நிற்கவே கூசியது. நோட்டையும் பென்சிலையும் கம்பிக்கு நடுவே நீட்டி, பெயரை எழுதத் தெரியுமா என்று கேட்டேன். பென்சிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மணி ஒன்றரை. பள்ளியில் இருந்த கணக்கு சாருக்குப் போன் செய்து நடந்ததைக் கொட்டினேன்.

"டீச்சர், பள்ளிக்கே போகாத பிள்ளைங்களுக்குத் திங்கட்கிழமை தனி வகுப்பு ஆரம்பிக்குது தெரியுமில்ல? பன்னெண்டு வயசு ஆகாதவங்களை மட்டும்தான் எடுப்பாங்க. இன்னைக்கு நோட்டுல 'சேராதவர்'னு இருந்தாதான் இடம். அடுத்த வருஷம் அவளுக்குப் பன்னெண்டு. அப்ப வாசலே கிடையாது."

"அப்ப சேராதவர்னு எழுதிடறேன்."

"எழுதுவீங்க. சிவப்பு மை பழைய நோட்டைப் புரட்டுவார். நாலு வருஷமா படிக்கிறா, படிக்கிறான்னு உங்க கையெழுத்து சிரிக்கும். தலைமையாசிரியை பதவிக்கு முதல் பேரு உங்க பேருதான், மறந்துடாதீங்க." குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி சொல்றேன். பழைய பேரை, குடும்பத்தோட ஊரை விட்டுப் போயாச்சுன்னு அடிச்சிடுங்க. வேற பேருல, புதுசா குடிவந்த பிள்ளை, இதுவரை பள்ளிக்குப் போனதில்லைன்னு சேர்த்திடுங்க. பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாது."

மறைப்பானேன், அதைக் கேட்டதும் எனக்கு மூச்சே சீராக வந்தது.

ஆனால் பிள்ளையை நேரில் காட்ட வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும். சலவைக்கூடத்தின் போன் எண்ணை அந்தப் பெண் மனப்பாடமாகச் சொன்னாள். ஏதாவது ஆபத்தென்றால் ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்ல அம்மா கற்றுக்கொடுத்ததாம். நான்கு முறை அடித்தபின் யாரோ எடுத்தார்கள், கூப்பிடுகிறேன் என்றார்கள். அதன்பின் படியில் உட்கார்ந்து மணியைப் பார்ப்பதுதான் வேலை. இரண்டு. இரண்டரை. மூன்று. சின்னது அழுதது, பெரியவள் தட்டிக்கொடுத்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றே முக்காலுக்கு அம்மாக்காரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தாள். ஈர மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு? ஐயோ, என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல. கதவைத் திற" என்றேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் எனக்குள் அடங்கிக் கிடந்த வாய் கிளம்பிவிட்டது. "பெத்தா மட்டும் போதுமா? நாலு வருஷமா ஒரு பொண்ணைப் பூட்டி வெச்சு, பொய்யை ஊட்டி வளர்த்திருக்கியே, மனசாட்சின்னு ஒன்னு இருக்கா?"

சாவி பூட்டுக்குள் போகாமல் அவள் தடுமாறினாள். "வெளிய விட்டா பயம், உள்ள வெச்சா பாவம். நான் என்ன பண்ணட்டும் டீச்சர்? புதுசா வந்தப்ப இவளைச் சேர்க்கக் கையில ஒரு காகிதமும் இல்ல. ஸ்கூல்ல சேர்க்கலன்னு தெரிஞ்சா அபராதம் போடுவாங்கன்னு யாரோ பயமுறுத்துனாங்க. அதனால பெரிய ஸ்கூல்னு ஒரு தடவை சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி மனசு கேட்காம, இவளைக் கூட்டிக்கிட்டு உங்க ஸ்கூலுக்கே வந்தேன்."

"எங்க ஸ்கூலுக்கா?"

"ஆமா. ஆபீஸ்ல லிஸ்ட்டைப் பார்த்தாங்க. உங்க பொண்ணுதான் பெரிய ஸ்கூல்ல நாலாவது படிக்கிறாளே, அங்கேருந்து டி.சி. வாங்கிட்டு வாங்கன்னாங்க. அங்க போனா, சேராத பிள்ளைக்கு எங்கேருந்து டி.சி. தர்றதுன்னு கேட்டாங்க. மூணு தடவை நடந்தேன். அப்புறம் விட்டுட்டேன்." பூட்டு திறந்தது. "நான் பொய் சொன்னது ஒரே ஒரு தடவை டீச்சர். லிஸ்ட்டுல அது எப்படி வருஷா வருஷம் தானா வளர்ந்துச்சுன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. அதை வளர்த்தது நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. கணக்கு சார் சொன்ன வழியை மட்டும் வேகவேகமாகச் சொன்னேன். வேறு பெயர், புதிதாகக் குடிவந்தவர்கள்.

"என்ன பேரு வேணா வெச்சுக்குங்க. உள்ள விட்டா போதும்" என்றாள். சின்னவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டதால் ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் அடுத்த வாரத்திலிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அதனால் பெரியவளைப் பிடித்துவைக்க இனி எந்தக் காரணமும் இல்லையாம். இதையெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். பெரியவளுக்குச் செருப்பு கிடையாது, அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அது பத்தடிக்கு ஒருமுறை கழன்று பின்தங்கியது. வெயில் கூசி ஒரு கையால் கண்ணை மறைத்தபடி நடந்தாள். அந்தக் கூத்துக்கு நடுவில் நான் அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே போனேன்.

"பேர் கேட்டா?"

புதுப் பெயரைச் சொன்னாள்.

"ஸ்கூல் கேட்டா?"

"போனதே இல்ல. இப்பதான் ஊருக்கு வந்தோம்."

"ஆங், அதேதான். அதை மட்டும் சொல்லு."

இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு வேகமாக எந்தப் பிள்ளையும் என்னிடம் கற்றுக்கொண்டதில்லை. பெருமைப்படவா முடியும்? அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மேற்பார்வையாளர் அறையில் ஆசிரியர்கள் நோட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் எட்டுப் பேர். சுவர்க் கடிகாரத்தில் நான்கு முப்பத்தைந்து. சிவப்பு மை ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினார். ஐந்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பேனாவை மூடிவிடுகிற ஆள். கணக்கு சார் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல மனுஷன்தான். எங்கள் முறை வந்தபோது ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"நாற்பத்தொன்னாம் எண்ல புதுசா குடிவந்த பிள்ளை சார். பள்ளியில சேராதவர். அதான் நேர்லயே கூட்டிட்டு வந்துட்டேன்" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

அவர் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. "உன் பேர் என்னம்மா? என்ன படிக்கிற?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தாள். அவ்வளவுதான், நான்கு வருட மனப்பாடம் முந்திக்கொண்டது. தன் சொந்தப் பெயரை ஓங்கிச் சொன்னாள். "நான் பெரிய ஸ்கூல்ல ஆறாவது படிக்கிறேன். இன்னைக்குக் காய்ச்சல், அதனால லீவு."

சிவப்பு மை பழைய நோட்டை இழுத்தார், புரட்டினார், கண்டுபிடித்துவிட்டார். "இந்தப் பேரு இருக்கே டீச்சர். பத்து வயசு, அஞ்சாவது. இந்த வருஷம் பதினொன்னு, ஆறாவது. சரியாத்தானே இருக்கு? படிக்கிற பிள்ளையை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்து அலைக்கழிக்கிறீங்க?" சிவப்புப் பேனா 'படிக்கிறார்' என்ற கட்டத்துக்குப் போனது.

வரிசையிலிருந்து கணக்கு சார் எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாமல் இருங்கள் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. நோட்டு சுத்தம், பதவி உயர்வு பத்திரம். அந்தப் பெண் வீட்டுக்குப் போய், அடுத்த வருடம் ஏழாவது என்று மனப்பாடம் செய்துகொள்வாள்.

"சார், நிறுத்துங்க! டிக் போடாதீங்க. அது பொய்."

பேனா நின்றது. "யாரு சொன்ன பொய்?"

"அம்மா சொன்னது ஒரு தடவை. மீதி எல்லாம் நான் எழுதினது. அந்த வீட்டுக்கு நான் போகவே இல்ல. வயசுக்கு ஒன்னு, வகுப்புக்கு ஒன்னு கூட்டிக் கூட்டி எழுதினேன். இவங்க நம்ம பள்ளிக்கே வந்து இடம் கேட்டிருக்காங்க, என் லிஸ்ட்டைக் காட்டித் துரத்தியிருக்காங்க. புதுசா குடிவந்தவங்கன்னு சொன்னதும் பொய்தான் சார். இந்தப் பொண்ணு ஒரு நாள்கூட வகுப்புல உட்கார்ந்ததில்ல."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தங்கள் தங்கள் நோட்டை மெல்ல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

சிவப்பு மை ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடுங்க." எழுதினேன். கடந்த மூன்று வருடங்களாக இந்த வீட்டுக்கு நான் செல்லவில்லை. அவர் படித்துவிட்டு, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பதவி உயர்வை மறந்துவிடுங்கள் என்றார். தெரியும் சார் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார், 'இதுவரை பள்ளியில் சேராதவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். கையெழுத்துக் கட்டத்தில் அவள் கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினார். ஐந்துக்கு ஒரு நிமிடம் இருந்தது.

வெளியே வந்ததும் அம்மாக்காரி சின்னதை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அதை எழுதினது நீங்கதானா?"

"நான்தான்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் தலையை ஆட்டிவிட்டு, கழன்று கிடந்த செருப்பை எடுத்துப் பெண்ணின் காலடியில் போட்டாள்.

பெரியவள் கட்டைவிரல் மையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இனிமே யாராவது கேட்டா நான் என்ன சொல்லணும்?"

"திங்கட்கிழமையிலிருந்து, முதல் வருஷம் படிக்கிறேன்னு சொல்லு."

"அடுத்த வருஷம் கேட்டா, ஒன்னு கூட்டிக்கணுமா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப அடுத்த வருஷமாவது மேல ஏறி வாங்க" என்றாள். "நான் ரெடியா இருப்பேன்."